லயம், விறகு, தேயிலைத்தூள்: வருமானச் சான்றிதழுக்கு எதைக் கணக்கில் காட்டுவது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு தாலுகா எஸ்டேட்களில் கூலி காசாக மட்டும் வருவதில்லை. லயத்து வீடு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு), தண்ணீர், விறகு, தேயிலைத்தூள், கம்பளி, எஸ்டேட் ஆஸ்பத்திரி எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்கோ அம்மாவின் விதவை பென்ஷனுக்கோ வருமானச் சான்றிதழ் எடுக்க அக்‌ஷயா சென்டரில் (அரசு விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுத் தரும் மையம்) உட்காரும்போது, இதெல்லாம் வருமானமா என்ற சந்தேகம் வந்துவிடும். பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ஒரு விலை சொல்லி, வரம்பைத் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. எதையுமே சொல்லாமல் விட்டு, பிறகு விசாரணையில் திணறுகிறவர்களும் உண்டு.

முதலில் சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள். எஸ்டேட்டிலிருந்து கிடைப்பது மூன்று விதம்; சில அந்தச் சீட்டில் இருக்கும், சில இருக்காது.

காசாக வந்தது: நாள் கூலி, கூடுதல் கொழுந்துக்கான காசு, போனஸ். விறகுக்குப் பதிலாகப் பணம் கொடுத்தால் அதுவும் இதில்தான் சேரும். பெயர் விறகு என்றாலும் கைக்கு வந்தது காசு. அதைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

கூலிக்குப் பதிலாகப் பொருள்: சீட்டின் வரவுப் பக்கத்தில் ஒரு விலை போட்டு எழுதியிருந்தால் அந்த விலையைக் கூட்டுங்கள். கடைவிலை எவ்வளவு என்று நீங்களாகப் போய்ப் பார்க்க வேண்டாம்.

வசதியாக வந்தது: லயம், தண்ணீர், மருத்துவம். இவை இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்; விலை மட்டும் போடாதீர்கள். 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, வீடு, விளக்கு, தண்ணீர், மருத்துவ வசதி ஆகியவற்றின் மதிப்பை ஊதியம் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்க்கவில்லை. கூலிக்குப் பதிலாகக் கொடுக்கும் பொருளை மட்டும், மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் வரை ஊதியமாக எடுத்துக்கொள்கிறது. வருமானச் சான்றிதழுக்கென்றே எழுதிய சட்டம் அல்ல இது. ஆனாலும் லயத்துக்கு மாசம் 3,000 வாடகை என்று வைத்து வருஷத்துக்கு 36,000 ரூபாயை யாராவது கூட்டப் பார்த்தால், எடுத்துக்காட்டிப் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. கம்பளியும் மழைக்கோட்டும் வேலை செய்யத் தருபவை. அவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. கைக்கு வரும் தொகை வருமானம் அல்ல. பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம்தான் வருமானம்.

ஒரு சீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மொத்தக் கூலி 11,600 ரூபாய். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,392 ரூபாய். கரண்ட், தேயிலைத்தூள், சங்கச் சந்தா எல்லாம் சேர்த்து 908 ரூபாய். கைக்கு வருவது 9,300. கணவன் மனைவி இருவருக்கும் இதே சீட்டு என்றால், கைக்கு வந்ததை வைத்து வருஷத்துக்கு 2,23,200 என்று எழுதத் தோன்றும். சரியான கணக்கு 2,78,400. எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும்) ஸ்காலர்ஷிப்புக்குக் குடும்ப வருமான வரம்பு 2,50,000. தப்பான கணக்கு உள்ளே நிற்கிறது, சரியான கணக்கு வெளியே போகிறது. மனசுக்குக் கஷ்டமான இடம்தான். ஆனால் எஸ்டேட் ஆபீஸ் தரும் சம்பளச் சான்றில் மொத்தக் கூலி இருக்கும். வில்லேஜ் ஆபீசர் அதைப் பார்த்ததும் உங்கள் எண் நிற்காது.

பிடித்தத்தில் உள்ள தேயிலைத்தூள் காசை மறுபடியும் வருமானத்தில் கூட்டுவதும் நடக்கிறது. அது நீங்கள் உங்கள் கூலியிலிருந்து கொடுத்த விலை. மொத்தக் கூலிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. பி.எஃப்.-இல் கம்பெனி போடும் பங்கு உங்கள் கூலி அல்ல, அதைச் சேர்க்காதீர்கள்.

கொழுந்து நிறைய வந்த ஒரு மாசத்தின் சீட்டை 12-ஆல் பெருக்கினாலும் தப்பு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை 12 மாசச் சீட்டையும் வரிசையாக வைத்துக் கூட்டி, போனஸைத் தனியாகச் சேருங்கள். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், மேலே சொன்ன சீட்டுக்கு வருஷத்துக்கு ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மாசக் கூலி.

வரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒன்றில் வெளியே போனால் எல்லாவற்றிலும் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். கேரள அரசின் விதவை பென்ஷனுக்குக் குடும்ப வருமானம் 1 லட்சம் வரைதான். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் தேர்வுக்குப் பெற்றோர் வருமானம் 3.5 லட்சம் வரை இருக்கலாம். மேலே சொன்ன தம்பதி போனஸோடு சேர்த்து 3 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் அவர்கள் பிள்ளை அதை எழுதலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்தால் விட்டுவிடாதீர்கள்.

எஸ்டேட் ஆபீசில் சம்பளச் சான்று கேட்கும்போது, "மொத்தக் கூலி, போனஸ், பிடித்தம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டவும், வீடு, தண்ணீர், மருத்துவம் இலவச வசதி என்று குறிப்பிடவும்" என்று எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் ஒரே தொகையாகத்தான் வரும். அந்தச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு அக்‌ஷயாவுக்குப் போங்கள். விண்ணப்பம் இ-டிஸ்ட்ரிக்ட் என்ற அரசு இணையதளம் வழியாக வில்லேஜ் ஆபீசுக்குப் போகும். திரையில் "வார்ஷிக வருமானம்" என்று மலையாளத்தில் இருப்பது ஆண்டு வருமானம். அங்கே மாசக் கூலியைச் சொல்லிவிடாதீர்கள். "சத்யவாங்மூலம்" என்றால் உறுதிமொழிப் பத்திரம். அதில் பொய் எழுதினால் குற்றம், ஆகவே வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனுக் கொடுக்கக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. கூட வைக்கும் விளக்கக் கடிதத்தைத் தயங்காமல் தமிழில் எழுதுங்கள்.

போடியிலோ கம்பத்திலோ சொந்த வீடு இருந்து வாடகை வந்தால் அதுவும் வருமானம்தான். மலைக்குக் கீழே இருக்கிறது என்பதால் கணக்கை விட்டுப் போகாது.

ஸ்டாஃப், ஆபீசர் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குச் சலுகைகளின் மதிப்பு வருமான வரிக் கணக்கிலேயே வந்துவிடும். 2025-26 நிதியாண்டுக்கான படிவம் 16-இல் (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் சான்று) மொத்தச் சம்பளத்தின் கீழே, வருமான வரிச் சட்டப் பிரிவு 17(2) என்று குறித்த இடத்தில் அது இருக்கும். கம்பெனிக்குச் சொந்தமான குவார்ட்டர்ஸ் இலவசம் என்றால், மக்கள்தொகை 15 லட்சத்தைத் தாண்டாத ஊரில் சம்பளத்தில் 5 சதவீதம் அதன் மதிப்பு. பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான மத்திய இட ஒதுக்கீட்டுக்கு, முந்தைய நிதியாண்டின் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சம்பளம் 7,70,000 என்றால் வீட்டுக்கு 38,500 சேர்ந்து 8,08,500 ஆகிவிடும். படிவத்தின் கடைசியில் வரும் வரிக்குட்பட்ட வருமானத்தையோ சம்பளம் என்று தனியாகக் குறித்த தொகையை மட்டுமோ எடுத்து எழுதாமல், சலுகை மதிப்பும் சேர்ந்த மொத்தத்தை எழுதுங்கள். விண்ணப்பத்தோடு படிவம் 16-ஐயும் வைத்தால் சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பது அந்த மொத்தத்தைத்தான்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் தொகையைப் பாருங்கள். நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாக இருந்தால், எதைச் சேர்த்தார்கள் என்று வில்லேஜ் ஆபீசில் எழுத்தில் கேளுங்கள். லயத்துக்கோ, சீட்டில் விலை எழுதாத விறகுக்கோ விலை போட்டிருந்தால், 12 மாசச் சீட்டின் நகலும் எஸ்டேட்டின் சம்பளச் சான்றும் வைத்து தாசில்தாருக்கு மனுப் போடுங்கள். ஸ்காலர்ஷிப்பின் கடைசித் தேதிக்கு ஒரு மாசம் முன்பே சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தால்தான் இதற்கு நாள் இருக்கும்.