டிஸ்அவவ் பட்டனை அழுத்துமுன் கொஞ்சம் நில்லுங்கள்

கூகுள் தேடலில் தளத்தின் ரேங்க் விழுந்த அன்றே பேக்லிங்க் மேல், அதாவது வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வருகிற லிங்க் மேல், பழியைப் போட்டு, ஏதோ ஒரு டூல் 'டாக்ஸிக்' என்று சிவப்பில் காட்டிய பட்டியலை, 'இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவவ் வசதியில் அப்படியே ஏற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த 'டாக்ஸிக்' மதிப்பெண் டூல் கம்பெனி தானே போட்டது, கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2016 செப்டம்பரில் பென்குயின் 4.0 என்ற கூகுள் அல்காரிதம் அப்டேட் வந்ததிலிருந்து குப்பை லிங்க்குகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது.

அதனால் முதலில், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள், கூகுள் ஆட்களே பார்த்துப் போட்ட தடை இருந்தால் அங்கே தெரியும். செயற்கையான லிங்க்குகள் என்று அங்கே அறிவிப்பு இருந்தாலோ, நீங்களோ உங்களுக்கு முன் தளத்தைப் பார்த்துக்கொண்டவரோ காசு கொடுத்து லிங்க் வாங்கியிருந்தாலோ மட்டும் தொடர்ந்து படியுங்கள். இரண்டும் இல்லையா? அப்படியானால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, கோர் அப்டேட் (கூகுள் தேடல் முறையையே பெரிதாக மாற்றுவது), தெரியாமல் விழுந்த நோஇண்டெக்ஸ் (பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்ற குறிப்பு) என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

சரி, சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் அறிக்கைக்குப் போய் எந்தெந்தச் சொற்களில் லிங்க் வருகிறது என்று பாருங்கள். இயல்பாக வருகிற லிங்க்கில் தளத்தின் பெயர், முகவரி, 'இங்கே பாருங்கள்' என்று கலந்து கட்டியிருக்கும். 'குறைந்த வட்டியில் கடன்' என்ற ஒரே தொடர் அட்சரம் பிசகாமல் நூறு தளங்களிலிருந்து வந்தால் அது விலைக்கு வாங்கியதுதான். பிறகு வெளி லிங்க் பட்டியலைத் தரவிறக்கி, சந்தேகமான பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நல்ல லிங்க்கைத் தெரியாமல் வெட்டினால் நஷ்டம் நமக்கு.

அந்தத் தளக்காரர்களுக்கு லிங்க்கை எடுக்கச் சொல்லி மெயில் போடுங்கள், யாருக்கு எப்போது அனுப்பினோம் என்று ஒரு ஷீட்டில் குறித்தும் வையுங்கள். பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள்.

எடுக்க முடியாதவற்றுக்குத்தான் டிஸ்அவவ். யூடிஎஃப்-8 டெக்ஸ்ட் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள், முழுத் தளத்தையும் ஒதுக்க டொமைன் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டியபடியே தள முகவரி. உச்சவரம்பு 1,00,000 வரி, 2 எம்பி. சர்ச் கன்சோலில் டொமைன் ப்ராப்பர்ட்டி (தளத்தை டொமைன் பெயரால் மட்டும் பதிவது) மட்டும் வைத்திருந்தால் இந்த வசதி வேலை செய்யாது, யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ் ப்ராப்பர்ட்டி (https:// என்று தொடங்கும் முழு முகவரியால் பதிவது) சேர்க்க வேண்டும். இன்னொன்று, புதுக் கோப்பு ஏற்றினால் பழையது போய்விடும். புதிதாகச் சிக்கிய பன்னிரண்டு வரியை மட்டும் ஏற்றி, முன்பு சேர்த்த நானூறு வரியையும் தொலைத்தவன் நான், அதனால் பழைய கோப்பை இறக்கி அதன் அடியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேனுவல் ஆக்‌ஷன் இருந்தால் கடைசியாக மறுபரிசீலனைக் கோரிக்கை. என்ன தப்பு நடந்தது, எதையெல்லாம் எடுத்தோம் என்று மழுப்பாமல் எழுதி அந்த ஷீட்டையும் காட்டுங்கள். பதில் வரச் சில நாள், சில நேரம் வாரக்கணக்கிலும் ஆகும். தடை நீங்கினாலும் பழைய இடம் அப்படியே கிடைக்காது, அதில் ஒரு பங்கு அந்த வாங்கிய லிங்க்குகள் தூக்கிக் கொடுத்ததுதானே. அப்புறம், ஒதுக்கிய லிங்க்குகள் சர்ச் கன்சோல் அறிக்கையில் தொடர்ந்து தெரியும், ஏறவில்லையோ என்று திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள்.