உடைப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

என் முதல் முறிவு சிமுலேஷன் அச்சு அசலாகப் பொருந்தியது. இழுவைச் சோதனையில் கிடைத்த வளைகோட்டின் மேல் கணினி தந்த கோடு அப்படியே படிந்தது. பெருமையில் அதைப் பெரிதாக அச்சடித்து மேசைக்கு மேல் ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்து, அதே அலுமினியக் கம்பியின் நடுவில் ஒரு பள்ளம் கடைந்து இழுத்தோம். சிமுலேஷன் சொன்ன நீட்சியில் பாதியைக்கூட எட்டாமல் 'டப்'பென்று அறுந்தது. முதல் கோடு பொருந்தியதில் அதிசயமே இல்லை. பொருந்தும்வரை எண்களைத் திருகிக்கொண்டிருந்தது நான்தானே.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இது. ஒரு வடிவத்தை உடைத்து எண்களை எடுக்கிறேன், அந்த எண்களைப் பூட்டுகிறேன். வேறொரு வடிவம் எந்த விசையில், எங்கே உடையும் என்று எழுதித் தேதி போடுகிறேன். அப்புறம்தான் அதை உடைக்கிறேன்.

முதல் வடிவம் வழவழப்பான உருளைத் துண்டு. 6 மி.மீ. விட்டம், நீட்சியை அளக்கும் பகுதிக்கு 30 மி.மீ. நீளம் போதும். குறைந்தது மூன்று வேண்டும், எல்லாமே ஒரே கம்பியில் ஒரே திசையில் கடைந்தவையாக. சோதனைக்கு முன் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரால் அளந்துவிடுங்கள். வரைபடத்தில் இருக்கும் அளவை நம்பாதீர்கள். 2012-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் பல குழுக்களிடம் ஒரு எஃகுத் துண்டின் முறிவை முன்கூட்டியே கணிக்கச் சொன்னது. துளைகள் போட்ட அந்தத் துண்டுகளில், கடைசலில் நேர்ந்த சின்னப் பிசகே விரிசல் போகும் பாதையை மாற்றிவிட்டது.

இயந்திரத்தின் தலை நகர்ந்த தூரத்தைத் துண்டின் நீட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடியில் வழுக்கியது, சட்டம் வளைந்தது எல்லாம் அதில் கலந்திருக்கும். அலுமினியத்தின் யங் குணகம், அதாவது அதன் விறைப்பைச் சொல்லும் எண், சுமார் 69 ஜிகாபாஸ்கல்; முதல் நாள் எனக்கு 20 வந்தது. துண்டு சரியில்லை என்று அரை நாள் அலைந்தேன். நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரைத் துண்டின் மேலேயே மாட்டியதும் சரியாகிவிட்டது.

விசை உச்சத்தைத் தொட்டபின் துண்டு ஓரிடத்தில் மட்டும் ஒல்லியாகும், இதைத்தான் கழுத்து விழுவது என்கிறோம். அதன்பிறகு நீட்சியெல்லாம் கழுத்தில் மட்டும்தான் நடக்கிறது. எக்ஸ்டென்சோமீட்டரோ முழு நீளத்துக்கும் சராசரி சொல்லிக்கொண்டிருக்கும். முறிவைப் பற்றி நமக்குத் தேவையான செய்தி முழுக்க அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. நான் செய்வது: துண்டுக்குப் பின்னால் ஓர் எல்இடி பலகை, முன்னால் ஒரு கேமரா. துண்டு கறுப்பு நிழலாகத் தெரியும், ஒவ்வொரு படத்திலும் மிக ஒல்லியான இடத்தின் விட்டத்தை அளந்துவிடலாம். விட்டம் 6-லிருந்து 4.5 மி.மீ.க்கு இறங்கினால், (6/4.5)-இன் இயல் மடக்கையை இரண்டால் பெருக்குங்கள், அங்கே மெய்த்திரிபு, அதாவது அந்த இடம் உண்மையில் எவ்வளவு நீண்டது என்ற அளவு, சுமார் 0.58. கேமராவின் கடிகாரமும் விசையைப் பதியும் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை நான்கு வினாடி பிசகியது, வரைபடமே கேலிக்கூத்தாகிவிட்டது.

இப்போது கணினி. உருளைத் துண்டுக்கு முழு முப்பரிமாண மாதிரி வேண்டாம், அச்சைச் சுற்றிச் சமச்சீரான ஒரு நறுக்கு போதும். கால்குலிக்ஸ் போன்ற இலவச மென்பொருளே தாங்கும். முதல் ஓட்டத்தில் முறிவு விதி, அதாவது பொருள் எப்போது உடையும் என்று கணினிக்குச் சொல்லும் விதி, எதையும் சேர்க்காதீர்கள். விசையும் கழுத்தின் விட்டமும் சோதனையோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இது பொருந்தாமல் முறிவு விதிக்குப் போவது அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுகிற வேலை.

அடுத்து மெஷ், அதாவது கணினி மாதிரியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் வலை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விழும் குழி இதுதான். 'திரிபு இந்த அளவை எட்டினால் உடையும்' என்று விதி போட்டுவிட்டு மெஷ்ஷைப் பொடியாக்கிப் பாருங்கள்: உச்சம் வரை கோடு மாறாது, அதற்கப்புறம் துண்டு ஒவ்வொரு முறையும் சீக்கிரமாக உடையும். சின்னக் கட்டத்துக்குக் கழுத்தின் உச்சத் திரிபு முழுதாகத் தெரியும். பெரிய கட்டம் அதைச் சராசரியாக்கி மழுக்கிவிடும். ஆகவே, உடையும் திரிபு என்று நீங்கள் எடுத்த எண் பொருளுக்கு மட்டும் சொந்தமானதல்ல, உங்கள் கட்டத்தின் அளவுக்கும் சொந்தம். 0.2 மி.மீ. கட்டத்தில் எடுத்தால், பள்ளத் துண்டிலும் அந்த இடத்தில் 0.2-தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றலை விதிக்குள் கொண்டுவரும் வழிகள் இருக்கின்றன. பழான்ட், ஓ என்ற இரு ஆய்வாளர்கள் 1983-ல் கான்கிரீட்டுக்காக முன்வைத்த விரிசல்பட்டை முறை அப்படிப்பட்டதுதான்.

சரி, என் பள்ளத் துண்டு ஏன் முந்திக்கொண்டு அறுந்தது? பள்ளத்தின் நடுவில் உலோகம் பக்கவாட்டில் சுருங்க முடியாது, மேலும் கீழும் இருக்கும் தடித்த பகுதி விடாது. அதனால் நடுப்பகுதி மூன்று திசையிலும் இழுபடுகிறது, உள்ளே இருக்கும் நுண்துளைகள் வேகமாக வளர்கின்றன. இந்த இழுபடலை ட்ரையாக்சியாலிட்டி என்ற எண்ணால் அளக்கிறார்கள். கழுத்து விழாத வழவழத் துண்டில் அது 1/3. ஒல்லியான இடம் 6 மி.மீ. விட்டமும் பள்ளத்தின் ஆரம் 2 மி.மீ.யும் என்றால், பிரிட்ஜ்மன் சூத்திரப்படி நடுவில் சுமார் 0.89. ஆரம் 6 மி.மீ. என்றால் 0.56. என் விதியில் இந்த எண்ணுக்கு இடமே இல்லை. ஒரே திரிபை எல்லா வடிவத்துக்கும் போட்டிருந்தேன். இப்போது வழவழத் துண்டிலும் 6 மி.மீ. ஆரப் பள்ளத்திலும் விதியின் எண்களை எடுக்கிறேன், 2 மி.மீ. ஆரத்தைக் கணிப்புக்காகத் தொடாமல் வைத்துக்கொள்கிறேன்.

கணிப்பை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். மூன்று துண்டுகளும் ஒரே மாதிரி உடைவதில்லை என்பதால் ஓர் எல்லையாகக் கொடுங்கள். உச்ச விசை, உடையும்போது விட்டம், விரிசல் தொடங்குவது நடுவிலா விளிம்பிலா என்ற மூன்றும் வேண்டும். உச்ச விசை முறிவு விதி தப்பாக இருந்தாலும்கூடப் பொருந்திவிடும், அதை வைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். மூன்றாவதுதான் கடினமான கேள்வி. அதற்கு ஒரு துண்டை உடைய விடாமல் சற்று முன்பே நிறுத்தி, நீளவாக்கில் அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள்; துளைகள் எங்கே கூட்டம் கூடியிருக்கின்றன என்பது தெரியும்.

உடைந்த இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். நான் செய்தேன், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய சின்னச் சின்னக் குழிகள் நசுங்கிப்போய், என் கைவேலை மட்டும் பளபளத்தது. இப்போது ஒவ்வொரு பாதிக்கும் தனி டப்பா, மூடியின் மேல் துண்டின் எண், பக்கத்தில் உடைப்பதற்கு முன் எழுதிய தாள்.