ஊர்ப் பேய்க்கதையின் வேரைத் தேடுவது எப்படி

உடைந்த பாலம், பூட்டிய பங்களா, ரயில் வராத நிலையம், ஊருக்கு வெளியே ஒற்றைப் புளியமரம். தமிழ்நாட்டில் இப்படி ஓர் இடம் இல்லாத ஊர் அபூர்வம். அந்த இடத்துக்கு ஒரு பேய்க்கதையும் கட்டாயம் இருக்கும். அந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது, எதை நினைவில் வைத்திருக்கிறது என்று தேடிப் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கான வழிமுறை இது.

பேய் உண்டா இல்லையா என்ற வாதத்தில் இறங்காதீர்கள். சொல்கிறவர் பேசும்போது நீங்கள் லேசாகச் சிரித்துவிட்டால் கூட அடுத்த வாக்கியம் வராது. கையில் ஒரே கேள்வி போதும்: இந்த இடத்தைப் பற்றி இந்தக் கதை எந்த ஆண்டு முதல் பேசப்படுகிறது? மற்றவை எல்லாம் அதைத் தொட்டுக்கொண்டு வரும்.

கதை கேட்பது

ஓர் இடத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும். அதில் மூன்று பேராவது அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். இரவில் நடமாடும் வேலையில் இருப்பவர்கள் முக்கியம்: ஆட்டோ ஓட்டுநர், வாட்ச்மேன், மின்வாரிய லைன்மேன், விடியற்காலையில் பால் ஊற்றுகிறவர். பள்ளி மாணவர்களிடமும் கேளுங்கள். சினிமாவிலிருந்து எது கதைக்குள் புகுந்திருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் வடிவத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். டீக்கடையில் நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால், குரல் பெரிதாக இருப்பவர் சொல்வதையே மற்ற மூவரும் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள். உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வடிவம்.

'பேய்' என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்கக் கூடாது. "ராத்திரி இந்தப் பக்கம் போக ஏன் யோசிக்கிறாங்க?" என்று தொடங்குங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, "இதை உங்களுக்கு யார் சொன்னாங்க? அப்போ நீங்க எந்த வீட்டுல இருந்தீங்க? எத்தனாவது படிச்சீங்க?" என்று கேளுங்கள். கதையின் வயதைக் கணக்கிடுவது இந்தப் பதில்களை வைத்துத்தான். "என் சிநேகிதனோட மாமா நேர்ல பார்த்தார்" என்று சொன்னால் அந்த மாமாவைத் தேடிப் போக வேண்டும். பெரும்பாலும் அவரும் "எனக்கும் ஒருத்தர் சொன்னதுதான்" என்பார். சங்கிலி எந்த இடத்தில் அறுகிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். கைபேசியை மேசைமேல் ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அன்று இரவே வட்டார வழக்கு மாறாமல் எழுதிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து எழுதினால் அவர் பேச்சு உங்கள் பேச்சாகிவிடும்.

பொதுச் சரக்கை வடிகட்டுவது

பன்னிரண்டு வடிவங்களையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு வரிக்கு ஒரு விவரமாக எழுதுங்கள். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம், மல்லிகை வாசம், நள்ளிரவு பன்னிரண்டு மணி, லிப்ட் கேட்டு ஏறி நடுவழியில் மறையும் பெண். இவையெல்லாம் ஊர் ஊராகப் பயணம் செய்யும் பொதுச் சரக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சொல்லப்படும் லிப்ட் கேட்கும் பெண்ணுக்கு உலகம் முழுக்க உறவினர்கள் உண்டு. ரிச்சர்ட் பியர்ட்ஸ்லி, ரோசலி ஹாங்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதே கதையின் 79 வடிவங்களைத் திரட்டி 1942ல் வெளியிட்டார்கள். 1990களில் கர்நாடகத்தில், இரவில் கதவைத் தட்டும் பேயைத் திருப்பி அனுப்ப வீட்டுக் கதவுகளில் 'நாளெ பா' (நாளை வா) என்று எழுதி வைத்ததும் இப்படிப் பயணம் செய்த கதைதான்.

இவற்றை அடித்துவிட்டால் இரண்டு மூன்று விவரங்கள் மிஞ்சும். அவற்றில்தான் உங்கள் ஊர் இருக்கிறது. உதாரணத்துக்கு, உருவத்தின் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது என்று ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொன்னால் அதை விடவே கூடாது. எந்தச் சினிமாவும் அந்தத் தூக்குவாளியைத் தராது. பக்கத்தில் மூடிப்போன மில் இருந்ததா, ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் அந்த வழியாக நடந்தார்களா, சாலையில் யாராவது அடிபட்டார்களா என்று தேடல் உடனே ஒரு திசைக்குத் திரும்பிவிடும்.

நிலத்தின் பழைய கணக்கு

அடுத்த வேலை, இடத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடிப்பது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமக் கணக்கை, பார்க்கலாம். 'மயானம்', 'வண்டிப்பாதை', 'குளம்' என்ற வகைப்பாடு ஏதாவது கண்ணில் பட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. புதிய குடியிருப்புகளில் பேய்க்கதை கிளம்பினால் அக்கம்பக்கத்துப் புல எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பழைய இடுகாட்டின் ஓரத்தில் மனை போட்டிருப்பது உண்டு.

குறிப்பிட்ட வீடு என்றால் வில்லங்கம், அதாவது சொத்து கைமாறிய பதிவு விவரம், பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975க்குப் பிந்தைய பதிவுகள் கிடைக்கும், அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். விற்பனைத் தேதிகளைக் கதை கிளம்பிய காலத்தோடு ஒட்டிப் பாருங்கள். பாகப்பிரிவினைத் தகராறில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பேய் குடிவருவது வழக்கம். வதந்திக்குப் பிறகு சொத்து அடிமாட்டு விலைக்குக் கைமாறியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளலாம்; ஆனால் வாங்கியவர்தான் கதையைக் கிளப்பினார் என்று எழுத அது ஆதாரம் ஆகாது.

வெள்ளைக்காரர் கல்லறை, துரை பங்களா சம்பந்தப்பட்ட கதை என்றால் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905ல் வெளிவந்த மதராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலைப் பாருங்கள். 'தற்கொலை செய்துகொண்ட துரை' காலராவில் இறந்தவராக இருக்கலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இந்த வகைத் தேடலுக்கு உதவும்.

ஆண்டைப் பிடிப்பது

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் உருண்டையாக ஒரு எண் வரும். ஊரே நினைவில் வைத்திருக்கும் சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: 1964 புயலுக்கு முன்னாலா பின்னாலா? 1977 புயல்? எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987)? ராஜீவ் காந்தி இறந்தபோது (1991)? 1992 தாமிரபரணி வெள்ளம்? 2004 சுனாமி? இரண்டு சம்பவங்களுக்கு நடுவே கதை வந்து சிக்கிக்கொள்ளும். அந்த இடைவெளிக்கு உரிய நாளிதழ்களைச் சென்னை கன்னிமாரா நூலகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ தேடுங்கள். முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு கூடுதலாகப் புரட்டினால் நல்லது.

இந்த முறையைப் பழக நல்ல இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. ஊர் அழிந்தது, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. சர்ச், ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. இரவில் அழுகுரல் கேட்கிறது, ரயில் சத்தம் வருகிறது என்ற கதைகளின் அடியில் இருப்பது தேதியோடு பதிவான ஒரு பேரழிவு. அதோடு 2017ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு வரும் சுற்றுலாக் கூட்டம் தானும் கதைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. மீனவக் குடும்பங்கள் சொல்வதையும் சுற்றுலா வண்டிக்காரர்கள் சொல்வதையும் தனித்தனி அடுக்காக வையுங்கள்; கலந்தால் இரண்டுமே பாழ்.

சென்னை அடையாறு முகத்துவாரத்தில் உள்ள உடைந்த பாலம் வேறு மாதிரி. மீனவர்கள் ஆற்றைக் கடக்க 1967ல் கட்டியது, 1977ல் உடைந்தது. நடுவில் அறுந்து நிற்கும் பாலம், இருட்டு, சுற்றிலும் தண்ணீர்: கதை பிறக்க அந்தத் தோற்றமே போதும். ஒவ்வொரு கதைக்கும் அடியில் ஒரு சாவு இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

இரவுச் சோதனை

பகலில் ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இரவில் போக வேண்டும். பகலிலேயே பல விடைகள் கிடைக்கும்.

பாழடைந்த கட்டடத்தில் முதலில் மேலே பாருங்கள். உத்தரத்துக்குக் கீழே சுவரில் வெள்ளைக் கோடுகளாக எச்சம் வழிந்திருக்கிறதா? தரையில் கட்டைவிரல் அளவில் கறுத்த கட்டிகள் கிடக்கின்றனவா? ஒன்றைக் குச்சியால் பிரித்தால் எலி மயிரும் ஊசி போன்ற எலும்புகளும் வரும். அங்கே கூகை குடியிருக்கிறது என்று அர்த்தம். வெளிறிய இதய வடிவ முகம், சத்தமே இல்லாத பறத்தல், தொண்டை கிழியும் அலறல். டார்ச் வெளிச்சத்தில் அதைத் திடீரென்று பார்த்தவர் சொல்லும் கதையில் பொய் எதுவும் இல்லை. கூரைமேல் ஆள் நடக்கும் சத்தம் மரநாயாக இருக்கலாம். தகரக் கூரை பொழுது சாய்ந்து குளிரும்போது டக் டக்கென்று சுருங்கும். வயல்வெளியில் இரவில் திடீரென வீறிடுவது ஆள்காட்டிக் குருவி.

வாசனை பற்றிய கதை என்றால் எந்த மாதம் என்று கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏழிலைப்பாலை பூக்கும். பொழுது சாய்ந்ததும் அதன் வாசம் தலைவலிக்கும் அளவுக்கு வீசும். குமரி, கேரளப் பகுதிகளில் யட்சி குடியிருக்கும் மரம் அதுதான்.

வீடு, விடுதி, லாட்ஜ் அறை என்றால் "மல்லாக்கப் படுத்திருந்தீங்களா?" என்று கேட்க வேண்டும். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த பாரம், கை கால் அசையாமை, அறையில் ஒரு உருவம்: இது அமுக்குவான் பேய். கனவுத் தூக்கத்தில் உடலின் தசைகள் செயலற்றிருக்கும். அந்த நிலை கலையும் முன்னே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். ஒரே வீட்டில் பலருக்கும் தலைவலியோடு உருவங்கள் தெரிந்து, வெளியே வந்தால் சரியாகிறது என்றால் அது அவசரம். ஜெனரேட்டர், கரி அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எதிலிருந்தாவது கார்பன் மோனாக்சைடு கசியலாம். பதிவை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளியேற்றுங்கள்.

புகைப்படத்தில் தெரியும் ஒளி உருண்டைகள் பிளாஷ் வெளிச்சம் பட்ட தூசியும் பூச்சியும். பிளாஷை அணைத்து, கைபேசியை முக்காலியில் வைத்து மறுபடி எடுங்கள்; காணாமல் போகும்.

மூன்று பேராகப் போங்கள். முழங்கால் வரை மறைக்கும் பூட்ஸ், ஆளுக்கு ஒரு டார்ச், உபரி பேட்டரி வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் கட்டுவிரியனும்தான் இந்த வேலையின் நிஜமான ஆபத்து. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். வௌவால் கழிவு குவிந்த மூடிய அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் நுழையாதீர்கள்.

பூட்டிய சொத்துக்கு உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 329ன் கீழ் குற்றம். அடக்கத்தலங்களுக்குப் பிரிவு 301 தனியாக இருக்கிறது. தண்டவாளப் பகுதியில் நுழைந்தால் ரயில்வே சட்டம் பிரிவு 147ன்படி ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எழுதும்போது

பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் சொன்னபடியே கதை; வலப்பக்கம் ஆவணத்தில் கிடைத்தது, எந்த ஆவணம், எந்தத் தேதி. வலப்பக்கம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். ஊகத்தை அங்கே நிரப்பினால் அடுத்த ஐந்து வருடத்தில் அதுவே ஊர்க்கதையாகத் திரும்பி வரும்.

இறந்தவரின் குடும்பம் அதே ஊரில் இருந்தால் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சுட்டும் வடிவத்தை எந்த நிலையிலும் வெளியிடக் கூடாது. சில கதைகள் சாதிக் கொலையை 'பேய் அடித்துச் செத்தாள்' என்று மூடி வைத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒலிப்பதிவைப் பத்திரப்படுத்துங்கள், சொன்னவரின் பெயரை யாருக்கும் காட்டாதீர்கள், வெளியிடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கலந்து பேசுங்கள்.

ஒலிக்கோப்புகளுக்கு ஊர், தேதி, வரிசை எண் என்ற முறையில் பெயர் வைத்து, இரண்டு தனித்தனி இடங்களில் சேமியுங்கள். எழுதி முடித்ததும், கதை சொன்ன ஒவ்வொருவருக்கும் அவர் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். "இதுல ஒண்ணு விட்டுப்போச்சே" என்று அவர்கள் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போங்கள்.