ஜெயில்ல இருந்து வக்கீல் இல்லாம கேஸ் போடறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஜெயில்கள்ல இருந்து கைதிகளே எழுதிப் போடற செக்‌ஷன் 1983 மனுக்களுக்கு (அரசியல் சட்ட உரிமைய மீறின மாநில அதிகாரிங்க மேல போடற கேஸ்) வாலண்டியரா உதவி பண்றேன். கையெழுத்து போட மறந்தது, ஃபார்ம் மாறினது எல்லாம் விடுங்க, அத கோர்ட்டே சரிபண்ணச் சொல்லும்.

உள்புகார முடிக்காம கோர்ட்டுக்கு ஓடறது

இதப் பாத்தாதான் எனக்கு இன்னமும் பத்திக்கிட்டு வரும். 1996ல வந்த பி.எல்.ஆர்.ஏ.ங்கற கைதிகள் வழக்கு சீர்திருத்தச் சட்டப்படி ஜெயிலோட சொந்த புகார் முறைய கடைசிப் படி வரைக்கும் முடிச்சாதான் ஃபெடரல் கோர்ட், அதுல நஷ்டஈடே கிடைக்காதுன்னாலும் முடிச்சே ஆகணும். கெடு தாண்டிப் போட்ட புகார் செல்லாதுன்னு 2006ல உட்ஃபோர்ட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. டெக்சஸ்ல சம்பவம் நடந்து 15 நாள்ல ஸ்டெப் ஒன் (முதல் புகார்), பதில் வந்து 15 நாள்ல ஸ்டெப் டூ (அப்பீல்), அவ்ளோதான் டைம்.

ஒருத்தர் பல் சீழ் வெச்சு மாசக்கணக்கா அவஸ்தைப்பட்டவர், மனுவ தேதிவாரியா அவ்வளவு அழகா எழுதியிருந்தார். முதல் புகாருக்கு "கவனிக்கிறோம்"னு பதில் வந்ததும் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சு அப்பீல் போடாம, அப்புறம் வார்டனுக்கு லெட்டர், கவர்னருக்கு லெட்டர்னு எழுதித் தள்ளியிருக்கார். அதெல்லாம் கணக்குல வராதுங்க! எதிர்த்தரப்பு வக்கீல் பல்லப் பத்தி வாயே திறக்கல, அப்பீல் ரெக்கார்டு இல்லன்னு மட்டும் காட்டினார், கேஸ் அவுட். திரும்பப் போடலாம்னு சொல்லித்தான் தள்ளுபடி பண்ணாங்க, ஆனா அப்பீல் கெடு எப்பவோ போயிருச்சே. 350 டாலர் ஃபீஸ் மட்டும் அவர் கணக்குல இருந்து தவணையா கழிஞ்சிட்டே இருக்கு.

ஃபார்மே தரமாட்டேங்கறாங்களா? கிடைக்காத வழிய முடிக்கத் தேவையில்லன்னு 2016ல ராஸ் கேஸ்ல தீர்ப்பு இருக்கு, ஆனா யார்கிட்ட எந்தத் தேதியில கேட்டீங்க, என்ன சொன்னாங்கன்னு அன்னைக்கே எழுதி வைக்கணும்.

மாநிலத்து மேலயே நஷ்டஈடு கேஸ்

நிக்காது. யார் என்ன பண்ணாங்கன்னு ஆளுக்கு ஆள் சொல்லுங்க. மேலதிகாரிங்கற ஒரே காரணத்துக்காக வார்டன இழுத்தாலும் நிக்காது.

தண்டனையே தப்புன்னு இதுல வாதாடறது

அதுக்கு ஹேபியஸ் கார்பஸ்னு, அடைச்சு வெச்சதே சட்டப்படி தப்புன்னு கேக்கற தனி மனு இருக்கு.

கோவத்துல கேஸ் மேல கேஸ்

அற்பமானது, முகாந்திரம் இல்லன்னு மூணு தள்ளுபடி (ஒவ்வொண்ணும் ஒரு "ஸ்ட்ரைக்") வாங்கினா, அடுத்த கேஸுக்கு தவணை கிடையாது, உடம்புக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய முழு ஃபீஸும் முன்கூட்டியே கட்டணும். முகாந்திரம் இல்லன்னு தள்ளிட்டு "திரும்பப் போட்டுக்கோ"ன்னு சொன்னாக்கூட அதுவும் ஒரு ஸ்ட்ரைக்தான்னு 2020ல லோமாக்ஸ் கேஸ்ல முடிவாயிருச்சு.