பங்காளிகள் பராமரிக்கும் மென்பொருள்: எங்கே சறுக்குகிறது?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில், திரைக்காட்சியை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவர் பகுதியைத் திறந்து பாருங்கள். சிப் நிறுவனங்களான ஏஎம்டியின் ஃபோல்டரும் இன்டெலின் ஃபோல்டரும் ஒரே இடத்தில் கிடக்கும். சந்தையில் அடித்துக்கொள்கிறவர்கள் அங்கே ஒரே அடித்தளத்தின் மேல்தான் கட்டுகிறார்கள். ஆக, போட்டியாளர்கள் சேர்ந்து ஒரு திறமூல மென்பொருளை, அதாவது யாரும் கோடைப் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருளை, பராமரிப்பது நடக்காத காரியமல்ல. சறுக்குகிற இடங்கள் வேறு.

முதல் சறுக்கல், பத்திரம் யார் பேரில் என்று சண்டைக்கு முன்பே பேசிக்கொள்ளாதது. வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். 2011 ஜனவரியில் அதன் டெவலப்பர்களில் ஒரு குழு, தலைமைப் பராமரிப்பாளர் மைக்கேல் நீடர்மாயரின் போக்கு பிடிக்காமல், இனி பராமரிப்பு எங்கள் கையில் என்று அறிவித்தது. கோட் யாருக்கும் பொதுதான், பெயர் அப்படியல்ல. டிரேட்மார்க், திட்டத்தைத் தொடங்கிய ஃபாப்ரிஸ் பெல்லார்டுடையது. இரண்டே மாதத்தில் அந்தக் குழு லிப்ஏவி என்ற புதுப் பெயரோடு தனிக்குடித்தனம் போனது.

இரண்டாவது, எனக்கு இன்றும் உறுத்துவது: தங்கள் சண்டையைப் பயனரின் திரைவரை கொண்டுபோவது. லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் லிப்ஏவிக்கு மாறியபோது, பழக்கதோஷத்தில் கட்டளை அடிக்கும் டெர்மினலில் எஃப்எஃப்எம்பெக் என்று அடித்தவர்களுக்கு, இந்த நிரல் வழக்கொழிந்துவிட்டது, பதிலாக ஏவிகான்வ் (லிப்ஏவியின் புதுக் கட்டளை) பயன்படுத்துங்கள் என்று எச்சரிக்கை வந்தது. வழக்கொழிந்தது லிப்ஏவி தொகுப்போடு வந்த அந்தப் பழைய கட்டளை மட்டும்தான். படித்தவர்களில் பலர் எஃப்எஃப்எம்பெக்கே செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவோ தினமும் கமிட் (புது மாற்றப் பதிவு) விழுந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒற்றை வரியில் பொய் இல்லை என்று வாதாடலாம். பக்கத்து வீட்டுக்காரன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று தபால்காரரிடம் சொன்னதற்குச் சமம் என்பேன்.

அடுத்தது, எதிரணி எழுதியது என்பதற்காகவே பேட்சை, அதாவது கோட் திருத்தத்தை, ஒதுக்குவது. நீடர்மாயர் இங்கே வேறு மாதிரி நடந்தார். லிப்ஏவியில் நடக்கும் மாற்றங்களை விடாமல் எடுத்து எஃப்எஃப்எம்பெக்கில் மெர்ஜ் செய்து, அதாவது சேர்த்து, கொண்டே இருந்தார். எதிர்த்திசையில் அவ்வளவு போகவில்லை. விளைவு, ஒரு பக்கம் இருவரின் உழைப்பும் சேர்ந்தது, மறுபக்கம் ஒருவருடையது மட்டும். கூகுள் பொறியாளர்கள் தாறுமாறான கோப்புகளைக் கொடுத்துச் சோதித்ததில் எஃப்எஃப்எம்பெக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்ததாக 2014இல் கூகுளே எழுதியது. 2015இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்குத் திரும்பி வந்ததற்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் ஒரு காரணம்.

பிரியும்போது பெயரில் சோம்பேறித்தனம் காட்டுவதும் தவறுதான். இரண்டு திட்டங்களின் லைப்ரரிகளுக்கும் (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் கோட் தொகுப்புகள்) லிப்ஏவிகோடெக் என்ற ஒரே பெயர். இரண்டையும் ஒரே கணினியில் நிறுவினால் மோதும். டெபியனுக்குள் எஃப்எஃப்எம்பெக் மறுபடி நுழைய, முதலில் தன் லைப்ரரிகளின் பெயருக்கு வால் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியாக, திரும்பி வர வழி வைக்காதது. 2015 ஜூலை 31 அன்று நீடர்மாயர் தலைமையிலிருந்து விலகினார், பிரிந்தவர்கள் திரும்புவார்கள் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. நான்கு ஆண்டு கசப்பு அவ்வளவு சுலபத்தில் கரையுமா? சிலர் வந்தார்கள், இரண்டும் ஒன்றாக இணையவில்லை. லிப்ஏவி 2018க்குப் பிறகு புதுப் பதிப்பு எதுவும் விடவில்லை.

சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் மென்பொருளின் கதையை இதோடு ஒப்பிடலாம். அதை நிர்வகித்த ஜாயன்ட் நிறுவனத்தின் பிடி பிடிக்காமல் 2014 டிசம்பரில் ஐஓ.ஜேஎஸ் பிரிந்தது. ஓராண்டுக்குள் சேர்ந்துவிட்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தனி அறக்கட்டளை அமைத்து, திட்டத்தை அதன் கையில் கொடுத்தார்கள். ஐஓ.ஜேஎஸ் ஆட்கள் பழகியிருந்த திறந்த நிர்வாக முறையே கூட்டுத் திட்டத்துக்கும் வந்தது. 2015 செப்டம்பரில் வந்த முதல் கூட்டுப் பதிப்பின் எண் 4.0. அதற்கு முன் நோட் நின்றது 0.12இல். நடுவிலுள்ள 1, 2, 3 எல்லாம் ஐஓ.ஜேஎஸ் வெளியிட்டவை.