ஏலத்தில் ஷூ எடுக்கும் முன் அடியைப் பாருங்கள்

லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். 12 மணி நேர ஷிஃப்ட், பெரும்பாலும் நின்றபடியேதான். ஷூ சரியில்லை என்றால் முழங்காலும் இடுப்பும் அன்று இரவே சொல்லிவிடும். கடையில் 150 பவுண்டு கொடுக்க மனம் வராது. அதனால் பல வருடங்களாக ஈபே இணையதள ஏலத்தில் 40, 50 பவுண்டுக்கு எடுத்துப் போடுகிறேன். ஒரு முறை நன்றாக ஏமாந்தேன்.

அது மலையில் நடக்கும் பூட்ஸ். ‘பத்து வருடமாகப் பெட்டியிலேயே இருக்கிறது, ஒரு நாளும் போட்டதில்லை’ என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்ததும் மேல்தோலைத் தடவிப் பார்த்து மகிழ்ந்து, அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் நடக்கப் போனால், ஒரு மணி நேரத்தில் குதிகால் பக்கம் ஊறின பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை. பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். ஈபேயில் புகார் சொல்ல 30 நாள்தான் அவகாசம். அதுவும் போய்விட்டது.

ஆகவே ‘பழைய ஸ்டாக், புத்தம் புதுசு’ என்று பார்த்தால் தயாரித்த வருடத்தைக் கேளுங்கள். பல ஸ்போர்ட்ஸ் ஷூக்களில் உள்ளே இருக்கும் லேபிளிலேயே தேதி அச்சாகியிருக்கும். ஷூவுக்குப் பெயர்போன இங்கிலாந்து ஊரான நார்தாம்ப்டனில், வெல்ட் (மேல்தோலையும் அடியையும் இணைக்கும் தோல்பட்டை) வைத்துத் தைக்கிற தோல் ஷூக்கள் வேறு வகை. அடி தேய்ந்தால் புதிதாக மாற்றித் தைத்துக்கொள்ளலாம். மேல்தோலில் வெடிப்பு இல்லாவிட்டால் அவற்றை எவ்வளவு பழையதானாலும் தைரியமாக எடுப்பேன்.

படங்களில் அழகான பக்கத்தை மட்டும் காட்டியிருப்பார்கள். அடிப்பாகம், குதிகாலின் பின்பக்கம், உள்ளே குதிகால் உரசும் துணி, லேபிள், இந்த நான்குக்கும் படம் கேளுங்கள். கம்பெனி விளம்பரப் படத்தை மட்டும் போட்டுவிட்டு வேறு படம் தர மறுப்பவரை விட்டுவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் ஷூ என்றால் லேபிளில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தேடினால் அதே மாடல், அதே நிறம் வர வேண்டும். இதெல்லாம் பொருந்தினாலும் அசல் என்று அடித்துச் சொல்ல முடியாது. பொருந்தாவிட்டால் போலி என்று நினைத்து ஒதுங்குவதே நல்லது.

அளவில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆண்கள் ஷூவில் பிரிட்டிஷ் 8 என்பது நைக்கியில் அமெரிக்க 9, அடிடாஸில் அமெரிக்க 8½. வெறுமனே ‘சைஸ் 9’ என்றிருந்தால் எந்த நாட்டு 9 என்று கேட்டுவிடுங்கள். எனக்குப் பாதம் அகலம். லோக் (Loake) என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் ஷூக்களில் F வழக்கமான அகலம், G அதைவிட அகலம். எழுத்து போடாத ஷூவுக்கு, அடிப்பாகத்தின் நீளத்தையும் அகலமான இடத்தையும் டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்வேன். வீட்டில் சரியாகப் பொருந்தும் அதே மாதிரி ஷூவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

ஏலம் கேட்பதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. தபால் செலவையும் சேர்த்து உங்கள் உச்ச விலையை முடிவு செய்து, கடைசி நிமிடத்தில் ஒரே முறை போடுங்கள். நீங்கள் 60 என்று போட்டாலும், அடுத்தவரின் உச்சம் 41 என்றால் அதற்குச் சற்று மேலேதான் விலை நிற்கும். தோற்றால் தோற்றதுதான், இன்னொரு ஜோடி வரும்.

பணம் மட்டும் தளத்துக்கு வெளியே போகவே கூடாது. ‘நேரடியாக பேங்கில் போட்டால் 10 பவுண்டு குறைக்கிறேன்’ என்பார்கள். பேபாலில் நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பச் சொல்வார்கள். இரண்டிலும் ஈபேயோ பேபாலோ தரும் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. ஏலத்தில் தோற்ற பிறகு ‘ஜெயித்தவர் விலகிவிட்டார், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தால், ஈபே கணக்கின் மெசேஜ் பெட்டியிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மோசடி.

பார்சல் வந்த அன்றே பிரியுங்கள். பிரிப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியைக் கையால் வளைத்து, நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு கம்பளத்தின் மேல் மட்டும் பத்து நிமிடம் நடங்கள். தெருவில் போட்டு நடந்துவிட்டால் திருப்பிக் கொடுப்பது கஷ்டம்.