பல் கம்பி போட்ட பிள்ளையை வீட்டில் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர். அதையும் தாண்டிக் கோயம்புத்தூர் போனால்தான் என் மகளுக்குக் கம்பி போட்ட மருத்துவரைப் பார்க்க முடியும். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் அந்தப் பயணம் நம் கையில் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான் பல்லைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். முதல் முறை பன்னிரண்டு படங்கள் அனுப்பினேன். இரண்டுதான் உதவின.

மற்றவை கெட்டதற்கு முக்கியக் காரணம் கடி, அதாவது மேல்பற்களும் கீழ்ப்பற்களும் சேரும் விதம். கேமராவைக் கண்டதும் பிள்ளைகள் முன்பற்களைக் காட்டுவதற்காகக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிவிடுகிறார்கள். என் மகளும் மேல்பல் நுனியும் கீழ்ப்பல் நுனியும் முட்டும்படி வைத்துக்கொண்டு நின்றாள். படத்தைப் பார்த்த மருத்துவர் உடனே தொலைபேசியில் அழைத்தார்: "மூன்று வாரத்தில் பல் இவ்வளவு நகராது. சாப்பிடும்போது எப்படிக் கடிப்பாளோ அப்படிக் கடிக்கச் சொல்லுங்கள்." அதற்கு அவர் சொல்லிக்கொடுத்த வழி எளிது. நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் பின்னால் தொட வைத்து, எச்சிலை ஒருமுறை விழுங்கச் சொல்லி, கடைவாய்ப்பற்கள் சேர்ந்த பிறகு படமெடுக்க வேண்டும்.

அடுத்தது பக்கவாட்டுப் படம். பெரும்பாலோர் முகத்துக்கு எதிரே நின்றபடியே கன்னத்தைக் கொஞ்சம் விலக்கி எடுத்துவிடுகிறோம். அந்தப் படம் பொய் சொல்லும். மேல் முதல் பெரிய கடைவாய்ப்பல்லின் முன்முகடு கீழ்ப்பல்லின் எந்த இடத்தில் பொருந்துகிறது என்பதைப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் பார்ப்பார்கள். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் வகுத்த முறை அது. இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். மேல் கோரைப்பல் கீழே எந்த இரண்டு பற்களுக்கு நடுவில் விழுகிறது என்பதையும் கவனிப்பார்கள். கேமரா சாய்ந்திருந்தால் சரியான கடியும் பிசகியதாகத் தெரியும், பிசகிய கடியும் சரியானதாகத் தெரியும். ஆகவே கோரைப்பல்லுக்கும் அதன் பின்னுள்ள பல்லுக்கும் நேர் எதிரே கேமரா இருக்க வேண்டும். கடைவாய்ப்பல் கண்ணில் படும்வரை கன்னத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். விரலால் இழுத்தால் விரலே மறைக்கும். கன்னத்தை விலக்கும் பிளாஸ்டிக் வளையம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கழுவிய எவர்சில்வர் கரண்டியின் காம்பு போதும். எங்கள் ஊர்க் குளிரில் அந்தக் காம்பு பனிக்கட்டி போல இருக்கும்; வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வாயில் வையுங்கள். கண்ணாடி வைத்து அண்ணப் பக்கம் எடுப்பவர்களும் கண்ணாடியை இப்படியே சூடாக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு மூச்சில் மங்கிவிடும்.

ஒற்றை ஆளாக எடுக்க முயல வேண்டாம். தாமாக எடுப்பவர்கள் முன்கேமராவை நாடுகிறார்கள். பல போன்களில் அது இடம் வலம் மாற்றிப் படத்தைச் சேமிக்கும். வலப்பக்கம் கழன்ற பிராக்கெட் (கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) இடப்பக்கம் இருப்பதுபோலத் தெரியும். பின்கேமராவே சரி. வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனால் முன்பற்கள் பெரிதாகப் புடைத்துத் தெரியும். ஓர் அடி தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். மூடுபனி நாளில் வீட்டுக்குள் இருட்டு. பிள்ளை ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும், நீங்கள் வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நில்லுங்கள்.

முக அழகூட்டும் வசதியைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். ஈறு சிவந்திருப்பதும், பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு படர்வதும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. அந்த வசதி அவற்றைத்தான் முதலில் அழிக்கிறது. வர்க்கி தின்ற வாயோடு எடுத்தாலும் கம்பி இடுக்கில் மாவு ஒட்டிக்கொண்டு எதுவும் தெரியாது. பல் துலக்கி, ரப்பர் வளையம் போட்டிருந்தால் கழற்றி, எச்சிலைத் துடைத்த பிறகே எடுங்கள். கம்பிக்குப் பதிலாக அலைனர் என்னும் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை அணிபவர்கள் அதைப் போட்டு ஒன்று, கழற்றி ஒன்று எடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

பல் வேரையும் தாடை எலும்பையும் எந்தப் போனும் காட்டாது. அதற்கு எக்ஸ்ரேதான். கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்து பல் ஆடினாலோ படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்குப் பிள்ளையை உடனே அழைத்துப் போங்கள். கம்பி போட்டவருக்கு வழியில் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம்.